மத்தளையில் இறங்கிய ஒரே பயணி

வேன் ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுத மாட்டேன். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனில் வழி பார்க்கிறீர்கள். விமானம் எந்தக் கடலுக்கு மேலே பறக்கிறது என்றுகூடப் பார்க்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கரையில் மீனுக்கு மாயாவலை இழுத்தேன், சம்மாந்துறைக் கண்டங்களில் கதிர் அறுத்தேன், சவூதிப் பாலைவனத்தில் தண்ணீர் பவுசர் ஓட்டினேன். ஒரு வேலையும் என்னைப் பிடித்து வைக்கவில்லை, நானும் ஒரு வேலையையும் பிடித்து வைக்கவில்லை. கடைசியில் எயார்போட் ஓட்டம்தான் ஒத்துவந்தது. ஒவ்வொரு நாளும் வேறு ஆள், வேறு கதை.

எங்கள் கிழக்குக் கரையில் எயார்போட் என்றால் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கதான். சாய்ந்தமருதில் பிறந்த பிள்ளைக்கு மக்கா எந்தப் பக்கம் என்று தெரியும் முன்பே கட்டுநாயக்க எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஒருவரை அனுப்ப வேன் நிறைய ஆட்கள் போவார்கள், ஒருவரைக் கூட்டிவரவும் அப்படியே. தெற்கே மத்தளையிலும் ஒரு சர்வதேச விமான நிலையம் இருக்கிறது என்பது எங்கள் ஆட்களுக்குச் செய்திதான். எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், அறுகம்பேக்கு அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர் சிலரை அங்கிருந்து ஏற்றியிருக்கிறேன். பெரிய கண்ணாடிக் கட்டடம். வெளியே புல்லில் மயில் நிற்கும். வேலிக்கு அப்பால் காட்டில் யானை நிற்கும். வந்து போகும் விமானங்கள் குறைவு. ஆனால் கட்டுநாயக்கவில் காற்றும் மழையும் கடுமையாகி விமானம் இறங்க முடியாமல் போனால், அதை மத்தளைக்குத் திருப்புவார்கள். எரிபொருள் நிரப்பி, வானம் வெளித்த பிறகு, ஆட்களோடு மீண்டும் கட்டுநாயக்கவுக்குப் போகும். இடையில் யாரும் இறங்குவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்தால் அந்த மௌத்துச் செய்தியை வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குச் சொல்வதில்லை. 'சீரியஸ்' என்று சொல்லித்தான் வரவழைப்பார்கள். கூட்டிவரப் போகும் சாரதியிடமும் வாக்கு வாங்கிக்கொள்வார்கள். கட்டுநாயக்கவிலிருந்து ஊர் வரும்வரை அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓட வேண்டும். வீட்டுச் சந்தியில் ஆட்கள் உட்கார பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருப்பதைக் கண்டபிறகுதான் ஆளுக்கு விளங்கும். அப்படிப் பலரைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அதைக் கெட்ட பழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பின்னால் இரக்கம்தான் இருக்கிறது.

நான் ஓட்டத்தை விடுவதற்கு முந்திய மழைக்காலத்தில் நடந்தது இது. ஜவாத் என்று சாய்ந்தமருதுப் பொடியன், கட்டாரில் ஏசி திருத்தும் வேலை. அவருடைய உம்மா கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் பல நாட்களாகக் கிடந்தா. லீவு கிடைத்து அவர் புறப்படுகிறார் என்று அவருடைய மச்சான், அக்காவின் புருஷன், என்னை ஓட்டத்துக்குப் பேசினார். பெயர் இல்யாஸ். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், ஊரில் எல்லாருக்கும் இல்யாஸ் சேர். உம்மா மகளோடுதான் இருந்தா என்பதால் அந்த வீட்டுக்குப் பொறுப்பு அவர்தான்.

ஓட்டத்துக்கு முதல் நாள் டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள். அம்புலன்ஸில் உம்மாவை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அதை ஜவாத்துக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதன் அர்த்தம் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிள்ளை விமானத்தில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டு வர வேண்டாம் என்று நினைத்தார்கள்.

நான் விடியல் தொழுகை சுபஹுக்கு முன்பே புறப்பட்டேன். மலைப்பக்கம் மண் சரிகிறது என்று கேள்விப்பட்டதால் மஹியங்கனை வழியை விட்டுவிட்டு, அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை என்று தெற்கே போய் ஹைவே ஏறலாம் என்று முடிவு. சியம்பலாண்டுவயில் ஒரு கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இல்யாஸ் சேர் கோல் எடுத்தார். வயதில் மூத்தவன் என்பதால் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“காக்கா, மாமி மௌத்தாகிட்டா. சுபஹோட.”

“இன்னாலில்லாஹி.”

“ஜவாத் இப்ப ப்ளேனுக்குள்ள. அவனுக்கு ஒண்டும் செல்லாதீங்க. உம்மா ஆஸ்பத்திரியில எண்டுதான் நெனைச்சிக்கொண்டு வாறான். ஊருக்குத்தான் போறம் எண்டு தெரிஞ்சா விளங்கிரும். கொழும்பத் தாண்டும் வரைக்கும் எப்பிடியாவது சமாளிங்க.”

“மறுகா கேட்டா?”

“டொக்டர் வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க எண்டு செல்லுங்க. இஷா வரைக்கும் ஜனாஸாவ அடக்காம வெச்சிரிக்கிறம். அதுக்கு மேல ஏலாது எண்டு ஜவாத்ட தாய்மாமா ஆக்கள் செல்லிப் போட்டாங்க. நீங்க கூட்டிட்டு வந்து சேந்தாக் காணும்.”

ஓம் என்றேன். அந்தக் கணக்கில் பிழை இல்லை. விமானம் முற்பகலில் இறங்கினால் இராத் தொழுகை இஷாவுக்கு ஊருக்கு வந்துவிடலாம். இறங்குவதுதான் கையில் இல்லை.

தணமல்விலவை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“காக்கா, ஜவாத் கதைக்கிறன். ப்ளேன் மத்தளையில நிக்குது.”

“எங்க?”

“மத்தளையில. கட்டுநாயக்கவில சரியான மழையாம், எறங்க ஏலாதாம். மேல சுத்திச் சுத்திப் பாத்துப்போட்டு இஞ்ச கொண்டாந்து வெச்சிரிக்கான். மழை விட்டாப் போவமாம். நீங்க அவசரப்படாம கட்டுநாயக்கவுக்கு வாங்க. அங்கயிரிந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“சரி தம்பி.”

“மச்சானுக்கு அடிச்சா லைன் பிஸியாவே இரிக்கி. உம்மாக்கு எப்பிடி?”

சிக்னல் இல்லாத இடத்தில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிக் கோலை வெட்டினேன்.

வேனை ஓரம் கட்டினேன். மத்தளை அங்கிருந்து பக்கம். நான் வழக்கம்போல மஹியங்கனை வழியில் போயிருக்க வேண்டியவன், அன்றைக்குப் பார்த்து அந்தப் பாதையில் நிற்கிறேன். அந்த ஆளை மத்தளையில் இறக்கி எடுத்தால் பொழுது சாய்கிற நேரம் மஃரிபுக்கு ஊரில் இருக்கலாம். அவர் விமானத்திலேயே இருந்தால், அது எப்போது கிளம்பும், எப்போது இறங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இறங்கிய பிறகு தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஊருக்கு ஓட வேண்டும். இஷா என்ன, பாதி ராவுக்கும் வர முடியாது.

ஆனால் அவர் ஏன் இறங்குவார்? அவருடைய கணக்கில் உம்மா கொழும்பில் இருக்கிறா. விமானம் கொழும்புப் பக்கம்தான் போகப்போகிறது. அவரைப் பொறுத்தவரை மத்தளையில் இறங்குவது உம்மாவை விட்டுத் தூரம் போவது. வீட்டார் அவருடைய மனம் நோகக்கூடாது என்று சொன்ன ஒரு பொய், அவரை அந்த சீட்டில் கட்டிப்போட்டிருந்தது.

இல்யாஸ் சேருக்கு அடித்தேன். மௌத்து வீட்டு போன், கனநேரம் பிஸி. கிடைத்ததும் விசயத்தைச் சொன்னேன்.

“சேர், அவருக்குச் செல்லணும். செல்லாட்டி அவர் எறங்க மாட்டார். காரணம் செல்லாட்டி ப்ளேன்காரங்களும் எறக்க மாட்டாங்க.”

“வேணாம் காக்கா.”

“சேர்...”

“நான் செல்றதக் கேளுங்க. எங்கட வளவுக்குப் பின்னால இரிந்த ஆதம்பாவாவத் தெரியும்தானே? மகள்ட மௌத்த றியாத்தில வெச்சி போன்ல செல்லிப் போட்டாங்க. கேட்டுக்கொண்டே ரோட்டுக்கு எறங்கி வாகனத்தில அடிபட்டவன். ரெண்டு மௌத்து ஒரு கிழமையில. அந்த ஜனாஸாவ எடுக்க எயார்போட் போனதே நான்தான். இவன் ப்ளேனுக்குள்ள தனிய இரிக்கான். நெஞ்சு கிஞ்சு அடைச்சா ஆரு பாக்குற?”

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது.

“அப்ப என்ன சேர் செய்ற?”

அவருக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. யாரோ மையத்தைச் சுற்றும் கபன் துணியைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

“இனி அவன் வந்து சேர மாட்டான். பின்னேரம் அஸருக்கே அடக்கிருவம். நீங்க கட்டுநாயக்கவுக்குப் போய் ஆறுதலாக் கூட்டிட்டு வாங்க. வீட்டுக்கு வந்தாப் பிறகு நாங்க செல்லிக் கொள்றம்.”

போனை வைத்துவிட்டார்.

தம்பிமாரே, இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சவூதியில் பவுசர் ஓட்டிய காலத்தில் என் வாப்பா மௌத்தானார். நான் துயரப்படுவேன் என்று வீட்டில் மறைத்தார்கள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதலும் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை வாப்பாவுக்கு ஸலாம் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு கோலிலும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களும் சொல்கிறோம் என்று சொன்னார்கள். யாரோடும் நான் கோபிக்கவில்லை. ஆனால் அந்த ஸலாம்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாரதி வீட்டுக்காரரின் சொல்லை மீறக்கூடாது. இதை நானே உங்களில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் சொல்லச் சொன்னதும் சொல்லாதே என்றதும் நிலைமை வேறாக இருந்தபோது. இப்போது நிலைமை மாறிவிட்டது, சொல் மட்டும் மாறாமல் நிற்கிறது. மாறிய நிலைமையைக் கண்ணால் காண்கிறவன் ரோட்டில் நிற்கிறவன்தான். ஆதம்பாவா ரோட்டுக்கு இறங்கியதும் என் மனதில் நின்றது. யோசித்துப் பார்த்தபோது, அந்த மனுசனைக் கொன்றது செய்தி அல்ல என்று பட்டது. கேட்ட நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஜவாத்துக்கு அடித்தேன்.

“தம்பி, பக்கத்து சீட்டில ஆரு இரிக்கா?”

“ஒரு சிங்கள அக்கா. வீட்டு வேலைக்குப் போய்ட்டு வாறாவாம். ஏன்?”

“கதைச்சீங்களா அவவோட?”

“அவ கதைச்சிக்கொண்டேதான் வாறா. ஊரு திஸ்ஸயாம். ஜன்னலால காட்டி, அந்தா என்ட வீடு, நடந்தே போயிரலாம், இவனுகள் என்னைக் கட்டுநாயக்கவுக்குக் கொண்டுபோய் பஸ்ஸில அனுப்பப் போறானுகள் எண்டு சிரிக்கா.”

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும்வரை பொறுத்தேன்.

“தம்பி, உம்மா இப்ப ஆஸ்பத்திரியில இல்ல. நேத்து ஊருக்குக் கொண்டு வந்திட்டாங்க.”

விமானத்துக்குள் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அது மட்டும்தான் கேட்டது.

“ஏன் கொண்டு வந்த?”

வேனின் எஞ்சினை அணைத்தேன்.

“காக்கா, உம்மா இரிக்காவா?”

“இல்ல தம்பி. இண்டைக்கு சுபஹோட மௌத்தாகிட்டா.”

இதைச் சொல்லும்போது சுற்றி வளைக்காதீர்கள். கேள்வி நேராக வந்தால் பதிலும் நேராகப் போக வேண்டும். அதன்பிறகு கோலை வெட்டாதீர்கள். நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிறேன், இருக்கிறேன் என்று மட்டும் இடைக்கிடை சொன்னேன். அவர் மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு போன் கைமாறியது.

“இவருக்கு என்ன நடந்தது? நீங்கள் யார்?” என்று சிங்களத்தில் ஒரு பெண் குரல்.

நான் யார் என்று சொன்னேன். அவருடைய தாய் இறந்துவிட்டார், இன்றைக்கே அடக்கம், நான் பக்கத்தில்தான் வந்துகொண்டிருக்கிறேன், இங்கே இறக்கிவிட்டால் முகத்தைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

“ஐயோ, என் தம்பி” என்றா. என்னையா அவரையா என்று தெரியவில்லை. போனை அணைக்காமலே எழுந்துவிட்டா. விமானப் பணிப்பெண்ணோடு சிங்களமும் கல்ஃப் வீட்டுக் குசினியில் சமைத்துப் பழகிய அரபியும் கலந்து கதைப்பது எனக்குக் கேட்டது. அந்தப் பணிப்பெண் உட்காரச் சொல்கிறாள், இவ உட்கார மாட்டேன் என்கிறா. கெப்டனிடம் போய்ச் சொல், நீ சொல்லாவிட்டால் நான் போகிறேன் என்கிறா. நான் வேனை ஓட்டத் தொடங்கினேன்.

மத்தளை வாசலில் காவலர் மறித்தார். வருகை ஒன்றும் இல்லை, யாரைக் கூட்டிப்போக வந்தாய் என்று கேட்டார். உள்ளே நிற்கும் விமானத்தில் ஒருவர் என்றேன். அதிலிருந்து யாரும் இறங்க மாட்டார்கள் என்றார். கெஞ்சியபிறகு உள்ளே ஒரு அதிகாரிக்குக் கதைத்தார். நடுவயது மனிதர் ஒருவர், மழைச் சாரலில் சப்பாத்து நனையாமல் தாண்டித் தாண்டி வந்தார்.

“தாய் இறந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் இது திருப்பிவிடப்பட்ட விமானம். ஒருவரை இறக்குவதென்றால் விமானத்தார் ஒத்துக்கொள்ள வேண்டும், குடிவரவு, சுங்கம் எல்லாம் ஆளைக் கூப்பிட வேண்டும். அவருடைய பெட்டிகளை எடுக்கவே முடியாது.”

“பெட்டி கட்டுநாயக்கவுக்குப் போகட்டும் சேர். ஆளை மட்டும் தாருங்கள்.”

“அவர் கட்டுநாயக்கவுக்குப் போய் இரவு பஸ் எடுத்தாலும் நாளை காலை வீட்டில் இருப்பாரே?”

அவர் இரக்கமில்லாமல் கேட்கவில்லை. அவர்களுடைய வழக்கத்தில் உடலை நாட்கணக்கில் வீட்டில் வைப்பார்கள், தூரத்திலிருந்து எல்லாரும் வந்து சேரும்வரை. இதை விளக்காமல் கெஞ்சினால் அவருக்கு என் அவசரம் விளங்காது.

“சேர், நாங்கள் முஸ்லிம் ஆட்கள். எங்களுக்கு அன்றைக்கே அடக்கம். நாளை காலை இவர் போனால் மண்ணைத்தான் பார்க்கலாம்.”

அவர் என் தொப்பியைப் பார்த்தார்.

“ஹம்பாந்தோட்டையில் எனக்கு ஒரு மலாய் முஸ்லிம் கூட்டாளி இருந்தான்” என்றார். “காலையில் அவன் இறந்த செய்தி வந்தது. வேலை முடிந்து மாலையில் பூவோடு போனேன். அதற்குள் அடக்கி முடித்து வீட்டையும் கழுவியிருந்தார்கள். எனக்கு அப்போது கோபம் வந்தது. எனக்காக ஏன் காத்திருக்கவில்லை என்று.”

கையில் இருந்த ரேடியோவில் பேசிக்கொண்டே உள்ளே போனார்.

நான் வெளியே நின்றேன். அவ்வளவு பெரிய கட்டடத்தின் வாசலில் என் வேன் மட்டும். இந்த மாதிரி நேரத்தில் செய்ய ஒன்றுமே இருக்காது, அதுதான் கஷ்டம். டயரைப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தல் வாங்கி வைத்தேன். முன் சீட்டைத் துடைத்தேன். துக்கத்தோடு வருகிறவரைப் பின்னால் உட்கார வைக்காதீர்கள். பின்னால் இருந்தால் அவர் பயணி. முன்னால் இருந்தால் உங்களோடு வருகிற ஆள்.

விமானத்தின் சத்தம் கூடியது. போகப் போகிறது என்று நினைத்தேன். அப்போது கண்ணாடிக் கதவு திறந்து, தோளில் ஒரு பையோடு ஜவாத் வந்தார். அந்த அதிகாரி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாள் முழுக்க அந்த வாசலால் வெளியே வந்த ஒரே பயணி அவராகத்தான் இருக்கும். அதிகாரி எனக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஜவாத் என் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார். வேனில் ஏறி பெல்ட்டைப் போட்டார். லுணுகம்வெஹெர தாண்டிய பிறகு கேட்டார்.

“நான் ஏறக்குள்ள உயிரோட இரிந்தாவா?”

“ஓம். நீங்க மேல வரக்குள்ளதான்.”

“மச்சான் செல்லச் செல்லி நீங்க செல்லினீங்களா?”

“இல்ல. வேணாம் எண்டுதான் செல்லினார். நானாத்தான் செல்லின.”

“ஏன்?”

“முகத்தப் பாக்கணும்தானே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அழுதார். நான் வைப்பரை நிறுத்தவில்லை, ரேடியோவைத் தொடவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தேன். இந்த ஓட்டத்தில் கால் தானாக அழுத்தும். எடுத்துவிடுங்கள். மழை ரோட்டில், மௌத்து வீட்டுக்குப் போகும் வேன் இன்னொரு மௌத்து வீட்டை உண்டாக்கக் கூடாது. தணமல்விலவுக்கு இப்பால் ஒரு கொம்பன் யானை ரோட்டோரம் நின்றது, போகிற வாகனம் பழம் ஏதும் தரும் என்று. அது விலகும்வரை எஞ்சினை நிறுத்தி இருந்தோம். நேரம் போகிறது என்று தெரியும். இருந்தாலும் இருந்தோம்.

வெல்லவாய தாண்டியதும் இல்யாஸ் சேருக்கு அடித்தேன். இந்தக் கோலை மத்தளையைச் சேர முன்பே எடுக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

“சேர், ஜவாத் என்னோட வாறார்.”

“என்ன?”

“மத்தளையில எறக்கியாச்சி. மஃரிபுக்கு வந்திருவம், இன்ஷா அல்லாஹ்.”

“செல்லிட்டீங்களா அவனுக்கு?”

“ஓம் சேர்.”

அவர் ஏச வாயெடுத்தது எனக்குக் கேட்டது. ஏசவில்லை.

“அஸருக்கெண்டு பள்ளிவாசல்ல அறிவிச்சிப் போட்டாங்க காக்கா. குளிப்பாட்டி முடிஞ்சி. ஊரே வந்து நிக்கிது. மாமா இப்பயே தூக்கிட்டுப் போக சந்தூக்கக் கொண்டாங்க எண்டு நிக்கிறார்.”

ஜவாத் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

“மச்சான், வெச்சிரிங்க” என்றார். அவ்வளவுதான். போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

பிறகு நடந்ததை ஸ்டாண்ட் ஆட்கள் எனக்குச் சொன்னார்கள். இல்யாஸ் சேர் வேறு யாரையும் அனுப்பாமல் தானே பள்ளிவாசலுக்கு நடந்து போனாராம். மைக்கைத் தன் கையில் வாங்கி, மர்ஹூமாவின் மகன் வந்துகொண்டிருக்கிறார், மஃரிபுக்குப் பிறகு நல்லடக்கம் என்று தன் குரலில் சொன்னாராம். மாமா ஆட்கள் முற்றத்தில் வைத்து நல்லாக் கேட்டார்களாம். காலையில் இஷா என்றீர், மறுகா அஸர் என்றீர், இப்ப மஃரிப் என்கிறீர், நீர் மையத்த வெச்சி டைம்டேபிளா போடுறீர் வாத்தியார் என்று. அவர் ஜனாஸா இருந்த அறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

காரைதீவைத் தாண்டி எங்கள் ஊருக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. சந்தியில் கதிரைகள். அவற்றைக் கண்டும் ஜவாத் அதிரவில்லை. காலிலிருந்த சப்பாத்தை வேனுக்குள்ளேயே கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். ஆட்கள் வழி விட்டார்கள். வாசல் கதிரையில் இருந்த இல்யாஸ் சேர் எழுந்து, கதிரையையும் இழுத்து ஓரமாக வைத்தார். ஜவாத் உள்ளே போனார்.

நான் உள்ளே போகவில்லை. வேனில்தான் இருந்தேன். அவர் எவ்வளவு நேரம் உம்மாவின் தலைமாட்டில் இருந்தார், என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தார். சந்தூக்கின் முன்பக்கம் அவர் தோள் கொடுத்தார். மையவாடியில் கபுறுக் குழிக்குள் இறங்கி உம்மாவைக் கையில் வாங்கி வைத்ததும் அவர்தான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். நான் மையவாடி மதிலோரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தேன். இல்யாஸ் சேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கை நிறைய மண்.

“என்னெண்டு செல்லின நீங்க அவனுக்கு?”

“அவர் கேட்டார் சேர். இரிக்காவா எண்டு. இல்ல எண்டு செல்லின.”

“அவ்வளவுதானா?”

“அதுக்கு முதல், பக்கத்தில ஆரு இரிக்கா எண்டு கேட்டன்.”

கையில் இருந்த மண்ணை மெதுவாகத் தட்டினார்.

“நான் உங்களோட கோவம்தான் காக்கா. அவனுக்கு ஏதும் நடந்திருந்தா உங்களச் சும்மா விட்டிருக்க மாட்டன்.”

“தெரியும் சேர்.”

“இன்னும் ஒருத்தன் இரிக்கான்” என்றார்.

ஜவாத்துக்கு ஒரு தம்பி, குவைத்தில். விசாச் சிக்கல், வர முடியாது. அவருக்கு உம்மா சீரியஸ் என்பதுகூட இன்னும் சொல்லப்படவில்லை. காலையிலிருந்து வந்த அவருடைய கோல்களை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நல்லா ஆறி ஒரு மாதத்துக்குப் பிறகு சொல்லலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

இல்யாஸ் சேர் போனை எடுத்தார். கண்ணாடியைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெயரைத் தேடினார். மணி அடிப்பது எனக்கே கேட்டது.

“மச்சான், காலையிலிருந்து எங்க போன எல்லாரும்?” என்றது அந்தப் பக்கம்.

“தம்பி, நீ ரூமிலயா? ஆக்கள் ஆரும் பக்கத்தில இரிக்காங்களா? ஒருத்தனக் கூப்பிடு. கூப்பிட்டுப் பக்கத்தில வெச்சிக்கொண்டு கதை.”

நான் எழும்பி வேனுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு வருவது வீட்டுக் கதை. சாரதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.